கை தெரியணுங்க

என் தங்கை பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. நெஞ்சுக்கு நேராக உயர்ந்த வலது கை, விரல்கள் பாதி மடங்கியபடி, போன் திரையில் அப்படியே உறைந்திருந்தது. நான் போனைத் தூக்கிக்கொண்டு அடுக்களையிலிருந்து முன்னறைக்கு ஓடினேன். படம் துண்டு துண்டாகச் சிதறி மறுபடி சேர்ந்தபோது, அவள் எதையோ சொல்லி முடித்துவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் தலையை ஆட்டிவைத்தேன்.

மற்றவர்களுக்கு இது பெரிய சங்கடமில்லை. படம் நின்றாலும் குரல் வந்துகொண்டிருக்கும். என் தங்கைக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது, வாய்ப்பேச்சும் வரவில்லை. அவளுக்குக் கைதான் குரல்.

கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். தறிகள் ஓடும்போது அங்கே யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. நூல் அறுந்துவிட்டது, டீ வந்துவிட்டது, அந்தத் தறியை நிறுத்து, எல்லாமே கை ஜாடைதான். அதனால் அந்தக் கூடத்துக்குள் மட்டும் என் தங்கை எல்லோரையும் போல இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேராக அங்கேதான் போவாள்.

அவளும் நானும் பேசிய பேச்சை யாரும் சொல்லித்தரவில்லை. நாங்களே உண்டாக்கிக்கொண்டது. மூக்கின் ஓரத்தைத் தொட்டால் அம்மா, மூக்குத்திக்காக. இரண்டு கையாலும் தேர் வடம் இழுத்தால் தேருக்குப் பேர்போன அவிநாசி. நெற்றியில் நாமம் போட்டால் பெருமாள் கோயில் இருக்கும் காரமடை. புருவத்தின் மேல் ஒரு விரலை வைத்தால் அது நான். சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்த தழும்பு அங்கே இருக்கிறது. அப்பாவுக்கு இதில் கொஞ்சம் தெரியும். அம்மா கற்றுக்கொள்ளவே இல்லை. வாயைப் பெரிதாகத் திறந்து, "சாப்… பிட்… டயா கண்ணு?" என்று கேட்பாள். தங்கை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். முழுதாகப் பேச உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான்.

எனக்குக் கல்யாணமான பிறகு அவளுக்கும் ஆனது. மாப்பிள்ளைக்கு அவிநாசிப் பக்கம் சொந்த ஊர். அவருக்கும் காது கேட்காது. புனேயில் ஒரு கம்பெனியில் வேலை. நல்ல மனிதர். அவள் ரயிலேறிப் போன பிறகுதான் என் கைகளுக்கு வேலையில்லாமல் போனது தெரிந்தது. கணவரிடம் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது விரல் தானாகப் புருவத்துக்குப் போகும். அப்பா காலமானதும் அம்மாவை எங்களோடு வைத்துக்கொள்ள நாங்கள் இந்த வீட்டுக்கே வந்துவிட்டோம். அவள் இல்லாத அதே வீட்டுக்கு.

எழுதி அனுப்பிக்கொள்ளலாமே என்று பலர் கேட்டார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்துப் பார்த்து எழுதியவள் அவள். எழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும். அதற்கு அர்த்தம் சொல்லித்தரத்தான் யாரும் இல்லை. "சாப்பாடு ஆச்சு. நலம். அம்மா நலம்?" இதுதான் அவள் அனுப்பும் செய்தி. அதே அவள் கையைத் தூக்கினால், பக்கத்து வீட்டுக்காரி நடையிலிருந்து அவள் வீட்டுப் பூனையின் கோபம் வரைக்கும் நேரில் வந்து நிற்கும்.

ஆகவே எங்களுக்கு வீடியோதான். கேபிள்காரர் கனெக்‌ஷனோடு சும்மா கொடுத்த வெள்ளை வைஃபை பெட்டி ஒன்று டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டிக் கிடந்தது. பழைய காலத்துச் சுவர், ஒரு முழம் கனம். முன்னறையைத் தாண்டினால் சிக்னல் இல்லை. முன்னறையில் உட்கார்ந்தாலும் பாதிப் பேச்சில் கை நின்றுவிடும். அவள் சொல்வதில் பாதி எனக்குப் பிடிபடுவதில்லை. எல்லாம் அந்தப் பெட்டியால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, இந்தப் பொட்டிய மாத்திப்போடலாமுங்க" என்றேன் கணவரிடம்.

"நல்லாத்தான ஓடுது?"

"நீங்க கிரிக்கெட்டு பாக்கறதுக்கு ஓடுதுங்க. எனக்கு ஓடறதில்லீங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "செரி, ஞாயித்துக்கெழம காந்திபுரம் போலாம்" என்றார்.

காந்திபுரத்துக் கடையில் பெட்டிகள் கொம்பு முளைத்ததுபோல் ஆன்டெனாக்களோடு அடுக்கியிருந்தன. கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபடி கேட்டார். "ஊட்டுல எத்தன போனுங்க்கா? பசங்க கேம் ஆடுவாங்களா? சினிமா பாப்பீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. எனக்கு கை தெரியணுங்க."

அவர் விழித்தார். கணவர் குறுக்கே வந்து விளக்கினார். கடைக்காரர் எடுத்து வைத்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வீடு எப்படி, சுவர் என்ன கனம், எங்கே உட்கார்ந்து பேசுவேன் என்றெல்லாம் விசாரித்தார்.

"ஒரு பொட்டி எத்தன பெருசா இருந்தாலும் உங்க செவுத்துக்கு அக்கட்ட போகாதுங்க. ஜோடிப் பொட்டியா வாங்கிக்கங்க. ஒண்ணு முன்னால, ஒண்ணு அடுக்களப் பக்கம். கரண்டு போனாலும் நிக்காம ஓட ஒரு சின்ன பேட்டரியும் போட்டுக்கங்க."

"நின்னுபோச்சுன்னா?" என்றார் கணவர்.

"வாரண்டி இருக்குதுங்கண்ணா. கொண்டாந்து என்ற மேசை மேல வெய்யுங்க, மாத்தித் தர்றேன்."

அவிநாசி ரோட்டில் வண்டியில் திரும்பும்போது பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டேன். தங்கையிடம் கேட்க வேண்டியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனதில் வந்தது. காலையில் எழுந்ததும் என்ன செய்கிறாள், அந்த ஊர்ப் பெண்களோடு எப்படிப் பழகுகிறாள், சண்டை வந்தால் யார் முதலில் சமாதானத்துக்கு வருவது. அக்கா தங்கை பேசும் சாதாரணப் பேச்சுத்தான். அதற்குத்தான் அவ்வளவு ஏங்கியிருந்தேன்.

சாயங்காலம் கணவர் பெட்டிகளை மாட்டி முடித்ததும் அவளை அழைத்தேன். படம் வந்தது. கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதுபோல் அத்தனை தெளிவு. முடியைக் கழுத்தளவு வெட்டியிருந்தாள். விரலில் எண்ணெய் தெறித்த தழும்பு. அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "எளச்சுப்போயிட்டாளே அம்மணி" என்றாள்.

தங்கை பேச ஆரம்பித்தாள். கை நிற்கவில்லை, சிதறவில்லை. வேகமாக, வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்குப் புரியவில்லை.

திரும்பிப் பெட்டியைப் பார்த்தேன். விளக்குகள் சீராக எரிந்தன. மறுபடி திரையைப் பார்த்தேன். அவள் விரல்கள் நான் பார்த்தேயிராத வடிவங்களில் மடங்கி விரிந்தன. நடுநடுவே தெரிந்த ஜாடை ஒன்றிரண்டு வந்தன. அந்த நேரம் பார்த்து அவள் கணவர் பின்னாலிருந்து வந்து ஏதோ சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல்.

எங்கள் வீட்டு விசேஷங்களில் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். சொந்தக்காரர்கள் கூடிச் சிரிக்கும்போது தானும் சிரித்துவைத்து, பிறகு என் முந்தானையை இழுப்பாள். நான் கையால் சொல்லுவேன். எல்லோரும் அடுத்த பேச்சுக்குப் போனபிறகு அவள் மட்டும் தனியாகச் சிரிப்பாள். இன்று முந்தானையை இழுக்க எனக்குக் கை எட்டவில்லை.

தங்கை கண்டுபிடித்துவிட்டாள். என் முகம் அவளுக்குத் தெரியாததா? கையை நிறுத்தி, "புரியலையா?" என்று கேட்டாள், எங்கள் பழைய ஜாடையில். இல்லை என்றேன். "இத்தனை நாளும்?" பெட்டி சரியில்லை என்று நினைத்தேன் என்றேன். நீ தலையாட்டினாயே என்று என்னைப் போலவே தலையை ஆட்டிக் காட்டினாள். சிரிக்கத்தான் செய்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

பிறகு அந்தச் சிரிப்பு எதற்கென்று சொன்னாள். அவர் தேங்காய் வாங்கப் போய் முலாம்பழத்தோடு வந்த கதை. மெதுவாக, ஒவ்வொன்றாக, எங்கள் சின்ன வயது ஜாடையில் எனக்காக இறங்கி வந்து சொன்னாள். பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து கொடுப்பது மாதிரி. எல்லாம் புரிந்தது. புனேயில் அவளுக்கு, அவளைப் போலவே காது கேட்காத, நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்த நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள். அத்தனை பேருக்கும் பொதுவான ஒரு பெரிய பேச்சு கிடைத்துவிட்டது. அதற்காக நான் சந்தோஷப்பட்டேன், அது பொய்யில்லை. எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே இருந்த பேச்சு, இனி எனக்காக மட்டும் அவள் இறங்கி வந்து பேசும் பேச்சாகிவிட்டது என்பதும் பொய்யில்லை.

"அம்மாவுக்கு அங்க என்ன ஜாடை?" என்று கேட்டேன். அவள் மூக்கின் ஓரத்தைத் தொட்டாள். அவர்களிடத்திலும் அதேதானாம். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவள் எனக்குக் கற்றுத்தர ஆரம்பித்தாள். அடுப்பு வேலை முடிந்ததும் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். என் விரல்கள் தடித்துவிட்டன. சில வடிவங்களுக்கு மடங்குவதில்லை. அவள் திரைக்குள்ளிருந்து, கட்டைவிரலை உள்ளே தள்ளு, இன்னும் கொஞ்சம் என்பாள். பக்கத்தில் இருந்திருந்தால் என் விரலைப் பிடித்து மடக்கிவிட்டிருப்பாள். அது ஒன்றுதான் எந்தப் பெட்டி வாங்கினாலும் வராது.

போன மாதம் நல்ல மழை. மின்சாரம் போய் தறிச் சத்தமெல்லாம் ஒரேயடியாக அடங்கிவிட்டது. பேட்டரியில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் இருட்டில் என் கை அவளுக்குத் தெரியவில்லை. அம்மா தன் போனில் டார்ச்சைப் போட்டு என் விரல்கள் மேல் பிடித்தாள்.

கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனம்மணி, எப்ப வாரேன்னு கேக்கறதுக்கு எப்படிக் காட்டோணும்?" என்றாள்.

டார்ச்சை நான் வாங்கிக்கொண்டு, புதுப் பேச்சில் எப்படி என்று காட்டினேன். அம்மா இரண்டு மூன்று தடவை மடியில் வைத்துச் செய்துபார்த்தாள். பிறகு சுருங்கிய கையை வெளிச்சத்துக்குள் நீட்டிக் கேட்டாள்.

தங்கை அப்படியே உட்கார்ந்திருந்தாள். படம் நின்றுவிட்டதோ என்று பயந்துவிட்டேன். அப்புறம் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தீபாவளிக்கு லீவு கேட்டிருக்கிறோம், கிடைத்தால் வருகிறோம் என்றாள்.

"என்னங்கறா?" என்றாள் அம்மா.

"வாரேங்கறாம்மா. லீவு கெடைக்கோணுமாம்."

அம்மா கையைக் கீழே இறக்காமல் இன்னொரு தடவை அதையே கேட்டாள்.