பத்து மணிக்கு வரும் வருகைப்பதிவு

காலை பத்து மணிக்கு என் போனுக்குக் கல்லூரியிலிருந்து செய்தி வரும்: ‘உங்கள் மகள் இன்று வகுப்பிற்கு வந்துள்ளார்.’ அந்நேரம் மகள் எங்கள் வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பாள். அந்தத் தனியார் கல்லூரியை விட்டு அவள் நின்று மூன்று வாரமாகியிருந்தது. இருந்தாலும் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்வேன்.

“எம்மா, என்ன அப்படிப் பாக்கற?”

“ஒண்ணுமில்ல கண்ணு.”

எங்கள் பக்கம் கருமாதிப் பத்திரிகையை வீட்டுக்குள் வைப்பதில்லை. படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவோம். இந்தச் செய்தியையும் அப்படித்தான் உடனுக்குடன் அழித்தேன். நான் எட்டாவதோடு நின்றவள். எதைக் கண்டாலும் மனசு முதலில் கெட்டதைத்தான் நினைக்கும்.

அரசுக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அசல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் கொடுக்காவிட்டால் அந்த இடம் போய்விடும். இரண்டும் பழைய கல்லூரியில் இருந்தன. கேட்கப் போனோம். அலுவலகத்தில் ஃபேன் சத்தம் மட்டும்தான். எழுத்தர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார்.

“உங்க பொண்ணு இங்கதாங்க படிக்குது. நேத்துகூட வந்திருக்குது.”

“சார், இதோ நிக்குதுங்களே.”

“சிஸ்டத்துல வந்திருக்குதுங்க. படிப்பு முடிஞ்சதும் வந்து வாங்கிக்கங்க.”

அவர் ஒரு தடவைகூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஆவியாட்டம் நான் அங்கயே உக்காந்திருக்கறன் போல” என்று வெளியே வந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

மறுநாள் தர்மபுரி கோர்ட்டில் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனோம். அங்கிருந்த வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டார்.

“அசலைப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடணும். காலேஜ் வச்சுக்கவே கூடாது, யுஜிசி விதி இருக்குது. நின்னுட்டதா எழுதிக் குடுத்தீங்களா?”

“வாயாலதாங்க சொன்னோம்.”

“அந்த மெசேஜைக் காட்டுங்க.”

“அழிச்சுட்டனுங்க.”

“எல்லாத்தையுமா?”

“வூட்டுல வச்சுக்கக் கூடாதுன்னு…”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்நேரம் என் போன் சத்தமிட்டது. மணி பத்து. வாங்கிப் படித்தவர், எதிரில் இருந்த மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்மா, நீ இங்கதான இருக்கற?”

“இருக்கறனுங்க.”

அதைப் படமெடுத்துக்கொண்டார். மகள் அந்நேரம் தன் எதிரில் இருந்ததாகத் தேதி, நேரத்தோடு எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார். படிப்பை விட்டு நின்றுவிட்டதாக அவளையே ஒரு கடிதமும் எழுதவைத்து, அதையும் சேர்த்துப் பழைய கல்லூரிக்கு நோட்டீஸ் அனுப்பினார்.

வியாழக்கிழமை கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். எழுத்தர் இரும்பு அலமாரியைத் திறந்து மகளுடையதை உருவினார். அடியில் கட்டுக் கட்டாக இன்னும் சான்றிதழ்கள். சிலவற்றின் ஓரம் பழுப்பேறியிருந்தது.

“இவங்கெல்லாம் யாருங்க?”

“படிக்கறவங்கதாங்க” என்று சொல்லி அலமாரியைச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை அவளைச் சேர்த்துவிட்டோம். திங்கட்கிழமையன்று முதல் பஸ்ஸுக்கே கிளம்பிப் போனாள். பத்து மணிக்குப் பழைய கல்லூரியின் செய்தி வந்தது. பழக்க தோஷத்தில் வாசலுக்கு ஓடினேன். முறமும் கடலைத் தோலும் மட்டும் கிடந்தன.

இந்தத் தடவை அழிக்கவில்லை. வக்கீலம்மாவுக்கு அனுப்பிவிட்டு மகளைக் கூப்பிட்டேன். அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வகுப்பில் இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.