குதிரைக்கு நெய்த துணி

என் தம்பியின் முதல் குதிரை ஈ கடித்துச் செத்தது. வெளியூரில் யாரிடமாவது இதைச் சொன்னால், "ஈயா, புலியா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்த வருஷத்துக்கு முன்னால் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டைக்குப் போகும் பஸ் கரியில் ஓடியது. ஓடியதைவிட நின்றதே அதிகம். அதனால் ஜட்கா வண்டிக்குத் திரும்பவும் மவுசு வந்திருந்தது. தம்பிக்கு அது பெரிய பாக்கியம். சிறு வயதில் வந்த காய்ச்சலில் அவனுக்கு ஒரு கால் சூம்பிவிட்டது. எங்களுடையது தறிக்குழியில் உட்கார்ந்து, காலால் மிதித்துச் சோறு தின்கிற குடும்பம். ஒற்றைக் காலால் தறி மிதிக்க முடியாது. குதிரை வாங்கும்வரை அவன் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தான். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் குழலில் நூல் சுற்றும் வேலை. அதில் ஒன்றும் இழிவில்லை என்று நான் அவனிடம் சொல்வேன். சொல்வது எனக்குச் சுலபம். என் கால் இரண்டும் நன்றாக இருந்தன.

முதல் குதிரைக்குக் காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். வயிற்றடியில் நீர் கோத்துக்கொண்டது. தின்னத் தின்ன இளைத்தது. சேலத்திலிருந்து வந்த மாட்டு டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு பிராணியைக் கடித்த ஈ இன்னொன்றைக் கடிக்கும்போது இந்த நோய் ரத்தத்தில் ஏறுகிறது, மழைக்காலத்தில் அதிகம், முற்றிவிட்டது என்றார். நான் சும்மா இராமல், "மனுஷனுக்கும் வருங்களா?" என்று கேட்டேன். வராது என்றார். தம்பி என்னை முறைத்தான். குதிரை சாகக் கிடக்கும்போது கேட்கிற கேள்வியா அது? ஆனால் கேள்வி வந்தால் எனக்கு வாய் நிற்காது. அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

அடுத்த ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் செம்பட்டை நிறத்தில் ஒரு மட்டக்குதிரை பிடித்து வந்தான். மழைக்காலம் பிறந்ததும் ஈயும் வந்துவிட்டது. வீட்டு ஈயைப் போல மூன்று பங்கு இருக்கும். நாமகிரிப்பேட்டை போகிற வழியில் ஓர் ஏரி உண்டு. அதன் ஈரக்கரையில்தான் அவை குடியிருந்தன. வண்டி அந்த இடத்துக்கு வந்தால் போதும், குதிரையின் முதுகிலும் விலாவிலும் வந்து அப்பிக்கொள்ளும். கடித்த இடத்தில் ரத்தம் சொட்டாக நிற்கும்.

தம்பி வேப்பெண்ணெய் பூசினான். வேர்வையில் அரை மைலுக்குள் வழிந்துவிட்டது. நொச்சி இலையைப் போட்டுப் புகை மூட்டினான். லாயத்தில் அது சரி, ஓடுகிற வண்டிக்குப் புகையை எங்கே கட்டுவது? ஒரு நாள் குதிரையைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னான்:

"இதும் போச்சுன்னா மறுபடி தார் சுத்த உக்கார மாட்டனுங்ணா. எங்கயாச்சும் போயிருவேன். தேடாதீங்க."

அவன் வீம்புக்குச் சொல்கிறவன் அல்ல.

நெசவுக்காரனுக்குத் தெரிந்த வைத்தியம் துணிதானே. குதிரைக்கு ஒரு மேல்துணி நெய்வது என்று முடிவு செய்தேன். நூலுக்குக் கட்டுப்பாடு இருந்த சமயம். வீட்டில் ஒதுங்கிக் கிடந்தது கறுப்பு நூல் மட்டும்தான். சுபகாரியச் சேலைக்குக் கறுப்பை யார் கேட்பார்கள்? கழுத்திலிருந்து வால்வரை மூடுகிற மாதிரி நெருக்கமாக நெய்தேன். தறியிலிருந்து இறக்கி, நனைக்காமல் அப்படியே கொடுத்தேன். புதுத்துணியைக் கோடியாகக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி மொடமொடவென்று அதில் இருக்க வேண்டும். நனைத்துக் கொடுத்தால் பழசைக் கொடுத்தது போல் ஆகிவிடும். குதிரைக்கும் அந்த மரியாதையைச் செய்தேன்.

மூன்றாம் நாள் வண்டி குடை சாய்ந்தது. குதிரை வேர்த்து, வேர்வையில் கஞ்சி ஊறி, புளித்து நாறியிருக்கிறது. ஊரில் உள்ள ஈயெல்லாம் அதன் மேல்தான். ஏரிக்கரையில் கடி ஈயும் சேர்ந்துகொள்ள, குதிரை மிரண்டு பள்ளத்தில் பாய்ந்துவிட்டது. நல்லவேளை, வண்டியில் ஆள் யாரும் இல்லை. தம்பிக்குத் தோள் பிசகிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, அந்தத் துணியை என் தறி ஓரம் போட்டான்.

"உங்க கெட்டிக்காரத்தனத்த உங்களோட வச்சுக்கங்க. என்ர குதிரையத் தொடாதீங்க."

அதோடு என்னுடன் பேச்சை நிறுத்திவிட்டான். எனக்கும் கோபம்தான். நல்லது செய்யப் போய்த் திட்டு வாங்கினால் யாருக்குத்தான் வராது? ஆனால் அந்த நாற்றத் துணியை நான் தூர எறியவில்லை. கஞ்சிதான் காரணம் என்றால் கஞ்சி போன பிறகு என்ன ஆகும் என்று பார்க்க வேண்டாமா?

ஏரிக்கு எடுத்துப்போய் நாலு தண்ணீரில் அலசினேன். கஞ்சி வாடையே இல்லாமல் போயிற்று. பக்கத்துப் புதரில் காயப் போட்டேன். என் தோளில் கிடந்த துண்டையும் அலசி அதன் அருகிலேயே விரித்தேன். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட துண்டு அது. பிறகு மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண ஈ ஒன்றுகூட வரவில்லை. கடி ஈ மட்டும் வந்தது. கறுப்புத் துணியில் வந்து வந்து உட்கார்ந்தது. துண்டுக்கும் வந்தது, ஆனால் அருகில் வந்ததும் இறங்கத் தெரியாதது போல் தடுமாறி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விலகிப் போனது. எனக்குப் பசி மறந்துவிட்டது. இடத்தை மாற்றி விரித்தேன். அப்போதும் அதே கதைதான். அந்த ஈ எதைக் கண்டு பயந்தது, பயம்தானா, கண் கூசியதா? கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கைவசம் இருந்த கறுப்பையும், பங்காளி வீட்டில் கெஞ்சி வாங்கிய வெள்ளையையும் வைத்து, விரல் அகலப் பட்டையாக ஒரு துணி நெய்தேன். இந்த முறை வழக்கமும் வேண்டாம், மரியாதையும் வேண்டாம் என்று மூன்று முறை துவைத்து, என் மனைவி கையில் கொடுத்தனுப்பினேன். அண்ணி கொண்டுபோனால் அவனால் மறுக்க முடியாது.

குதிரை பட்டைத்துணி போட்டுக்கொண்டு வீதியில் வந்ததும் ஊர் சும்மா இருக்குமா? பார்க்கக் கைதிச் சட்டை மாதிரியே இருந்தது. சுதந்திரம் கேட்டு வீட்டுக்கு ஓர் ஆள் ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் வேறு.

"ஏனுங்க, உங்க குதிரை எந்தக் கேசுல உள்ள போச்சுங்க?"

"ஆறு மாசமுங்க. வண்டி இழுத்துக் கழிக்குது" என்று தம்பி பதில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவன் சிரித்தான் என்றதுமே எனக்குப் பாதி உயிர் வந்தது. ஏரிக்கரையைக் குதிரை மிரளாமல் தாண்டியது. காய்ச்சல் இல்லை. தம்பி மெல்ல என்னுடன் பேசவும் ஆரம்பித்தான்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். ஈயைத் தடுத்தது பட்டையா, இல்லை மேலே துணி கிடப்பதா? முதல் துணியிலும் கஞ்சி இல்லாமல் இருந்திருந்தால் அதுவும் தடுத்திருக்குமோ? புதரில் பார்த்தது புதரோடு சரி. உயிருள்ள உடம்பில் பார்த்தால்தானே நிச்சயம்? ஒரே ஒரு நாள், பட்டைத்துணியை எடுத்துவிட்டு அலசிய கறுப்புத் துணியைப் போட்டுக் கூட்டிப்போ என்றேன். மாட்டேன் என்றான். மறுபடி கேட்டேன். ஏறக்குறைய ஒரு மாதம், சாப்பிடும்போதும் குதிரைக்குத் தண்ணீர் காட்டும்போதும் விடாமல் கேட்டேன். கடைசியில் கத்திவிட்டான்:

"உங்களுக்குத் தெரிஞ்சுக்கணுங்கிறதுக்காக என்ர குதிரை கடிபடணுமா? கடிச்சது நோவு ஈயா இருந்தா? நீங்க திருப்பித் தருவீங்களா?"

நியாயம்தான். கேட்பதை விட்டேன். ஆனால் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் மனைவி பிறகு சொன்னாள்.

சில நாள் கழித்து, உச்சி நேரத்தில் தறியில் இருந்தேன். வாசலில் வண்டி நின்றது. தம்பி காலை இழுத்து இழுத்து உள்ளே வந்து, தறிக்குழி ஓரம் உட்கார்ந்தான். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தான். வலது கையில் இருந்தது பழைய கறுப்புத் துணியிலிருந்து கிழித்தது. இடது கையில் பட்டைத்துணியில் மிஞ்சிய துண்டு. இரண்டையும் அவிழ்த்தான். வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வீங்கிச் சிவந்திருந்தது.

"காத்தால இருந்து ஏரிக்கரையிலதான் உக்காந்திருந்தேன். இதுல பதினாலு. அதுல ரெண்டு. ரெண்டு கையிலயும் துணிதான இருந்துச்சு? அப்பப் பட்டைதானுங்ணா. இனி நிம்மதியா நெய்யிங்க."

நான் அவன் கையைப் பிடித்து எண்ணினேன். எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. பதினாலு சரியாக இருந்தது. அவன் எழுந்துபோய், வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால் கடிவாள வாரைப் பிடித்து வண்டியைத் திருப்பினான்.

குதிரையைக் கடிக்க விடு என்று ஒரு மாதம் அவனை நச்சரித்திருக்கிறேன். எனக்கும் இரண்டு கை இருப்பது அத்தனை நாளும் என் புத்தியில் ஏறவே இல்லை. அன்றைக்கு மீதிப் பொழுது நான் தறி மிதிக்கவில்லை.