பாலத்தருகே நின்ற வண்டி

வெர்லின் ஹாஸ்கெட் வண்டியை நிறுத்தும் இடத்தில் வேட்டையாட மாட்டார். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். கெட்டில் ஓடைப் பாலத்தருகே அவருடைய பச்சை பிக்கப் வண்டி நின்றால், அன்று அவர் பாலத்துப் பக்கம் இல்லை என்று அர்த்தம். காட்டின் வேறு எந்த மூலையிலும் இருக்கலாம்.

அவர் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி. முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் வேலை, மதிய ஷிப்ட். அரசுக் காட்டில் வசந்தகால வான்கோழி வேட்டை மதியம் ஒரு மணியோடு முடிந்துவிடும். அதற்கு ஏற்றபடிதான் அந்த ஷிப்டையே கேட்டு வாங்கினார் என்பார்கள். விவாகரத்தானபோது கணவர் பாதி வீட்டைக் கேட்டார், படகைக் கேட்டார், நாயைக் கேட்டார். வெர்லின் எங்கே வான்கோழி அடிக்கிறார் என்பதை மட்டும் பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பள்ளி முடித்ததிலிருந்து நான் நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் நிலையக் கடையில் நிற்கிறேன். வேட்டை முடிந்ததும் எல்லோரும் காப்பிக்கு அங்கேதான் வருவார்கள். இரண்டு வான்கோழிச் சேவல்களை வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டு வெர்லின் வரும்போது யாராவது ஒருவர் கேட்டே தீருவார்.

"எங்க அடிச்சே?"

"கழுத்துல."

அதற்கு மேல் பேச்சு இருக்காது. எல்லோரும் சிரிப்பார்கள். அந்தப் பதிலை மற்றவர்களும் சொல்வார்கள்தான். எங்கள் ஊரில் ஒருவர் வங்கிக் கணக்கைச் சொன்னாலும் சொல்வாரே தவிர, சேவல் கூவும் மேட்டைச் சொல்ல மாட்டார். வேலி போடும் வேலை செய்கிற பர்ல் ஸ்டாம்பா தன் வண்டியைத் தேவாலயத்துக்குப் பின்னால் மறைத்து வைப்பார். "பர்ல் இவ்வளவு ஜெபம் பண்றவன்னு தெரியாமப் போச்சே" என்று வெர்லின் அவரைக் கிண்டல் செய்வார்.

முன்பெல்லாம் இந்தக் காட்டில் ஒரு காலையில் மூன்று நான்கு வண்டிகள் நிற்கும். ஒருவர் வண்டி நின்றால் இன்னொருவர் அங்கே இறங்காமல் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். அதுதான் வழக்கம். பிறகு யாரோ இங்கே எடுத்த வீடியோ ஒன்று பரவியது. கைப்பேசியில் காட்டின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெரிகிற வரைபடம் வந்தது. இப்போது இல்லினாய், அர்கன்சா, ஜார்ஜியா என்று வெளி மாநில நம்பர் பலகைகளோடு வண்டிகள் சாலை ஓரத்துப் புல்லில்கூட நிற்கின்றன. விடியும் முன்பே காடு முழுக்கப் பெட்டைக்கோழிச் சத்தம். அதில் பெரும்பாலானவை, சேவலை வரவழைக்க மரத்தடியில் உட்கார்ந்து பெட்டைபோலக் குரல் கொடுக்கிற ஆட்கள். உண்மையான சேவல்கள் வாயை மூடிக்கொண்டன.

"இந்தக் காட்டுல பெட்டைங்க எல்லாத்துக்கும் தாடி முளைச்சிருச்சு" என்றார் பர்ல் ஒருநாள்.

"உன்னோட குரலைக் கேட்டா நானே ஓடிருவேன், சேவல் ஏன் வரும்?" என்றார் வெர்லின்.

கூட்டம் கூடக்கூட அவர் இன்னும் ரகசியமானார். மேற்கே, வண்டிகள் நிறுத்துகிற செடார் திடலுக்கு மேலே ஒரு நீண்ட மேடு இருக்கிறது. அதுதான் அவருடைய இடம் என்று இப்போது எனக்குத் தெரியும். அங்கே போக அவர் வண்டியைப் பாலத்தருகே விட்டு, ஓடையில் இறங்கி, இருட்டில் காட்டைக் குறுக்கே கடந்து நடப்பார். முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நடப்பார்.

போன ஏப்ரலில் ஒரு புதன்கிழமை, அந்த மேட்டில் அவர் சுடப்பட்டார்.

சுட்டவன் பெயர் டிரென்ட் கோலர். செயின்ட் லூயிஸில் ஏ.சி. பழுது பார்க்கிற வேலை. இருபத்தாறு வயது, இரண்டாவது சீசன். வெர்லின் மரத்தில் சாய்ந்து, மடியில் வைத்த மரப்பெட்டியின் மூடியைத் தேய்த்துப் பெட்டைக்குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்கிறவர் மயங்கிப்போகும் குரல் அது. டிரென்ட் அந்தக் குரலை நோக்கி ஊர்ந்து வந்தான். குரலை நோக்கி ஊரக் கூடாது, உட்கார்ந்து அழைக்க வேண்டும் என்பது முதல் பாடம். சேவலின் நெஞ்சில் தொங்கும் தாடியைக் கண்ணால் பார்க்காமல் சுடக் கூடாது என்பது இரண்டாவது. புதருக்குள் அசைந்த கையையும், பையில் தொங்கிய கருப்பு நாடாவையும் அவன் சேவலாகவும் தாடியாகவும் பார்த்துவிட்டான். தூரம் அதிகமாக இருந்ததால் வெர்லின் பிழைத்தார். இடது தோளிலும் கழுத்திலும் கன்னத்திலும் ரவைகள் பாய்ந்தன.

அவன் ஓடி வந்து தன் சட்டையைக் கிழித்துக் கட்டினான். பாதித் தூரம் தாங்கிப் பிடித்து, மீதித் தூரம் முதுகில் சுமந்து, செடார் திடலில் நின்ற தன் வண்டியில் ஏற்றினான். ஆம்புலன்சை நெடுஞ்சாலைக்கு வரச் சொல்லிவிட்டு ஓட்டினான். அந்த வண்டிக்குள் நடந்ததை வெர்லின் பிறகு என்னிடம் சொன்னார்.

"யாரும் இல்லைன்னு நெனச்சேன்மா. சத்தியமா. கீழ பாலத்துக்கிட்ட ஒரு பச்சை வண்டி நின்னுச்சு. அவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் இவ்வளவு தூரம் மேல வந்தேன்."

வெர்லின் தோள்கட்டை அழுத்திப் பிடித்தார்.

"உங்க வண்டி எங்க? அதை யாராச்சும் எடுத்துட்டு வரணுமே?"

"பாலத்துக்கிட்ட" என்றார் அவர்.

அவன் ஒருமுறை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தானாம்.

பச்சை வண்டியைப் பாலத்தருகிலிருந்து எடுத்து வந்தவர் பர்ல். அன்று மாலைக்குள் கடையில் கதை முடிவாகிவிட்டது.

"பொம்பளை வண்டி நிக்கிறதைப் பாத்துட்டே உள்ள போயிருக்கான் நாய்."

"பாத்தாத்தான் என்ன? அவனுங்களுக்கு வரைபடம் சொல்றதுதான் வேதம்."

வெர்லினின் வண்டி நிற்கிற இடத்தில் வெர்லின் இருக்க மாட்டார் என்று தெரிந்தவர்கள்தான் அத்தனை பேரும். அந்த வாரம் மட்டும் அது எல்லோருக்கும் மறந்துபோனது. எனக்கும்தான். வேட்டைத்துறை அதிகாரி விசாரித்தார். விசாரணை முடியும்வரை அவர் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டார். பர்ல் ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். வெளியூர்க்காரர்களை இந்தக் காட்டில் விடக் கூடாது, விட்டாலும் குலுக்கல் முறையில் சிலரை மட்டும் விட வேண்டும் என்று துறைக்கு மனு எழுதுவதாகத் திட்டம். வெர்லின் கட்டுப்போட்ட தோளோடு முன்வரிசையில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினால் போதும் என்றார்கள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு டிரென்ட் எங்கள் கடைக்கு வந்தான். கல்லாவுக்கு எதிரே நின்று ஒரு காகிதப் பையை நீட்டினான். உள்ளே வெர்லினின் மரப்பெட்டி. அவரைத் தூக்கி வந்த அவசரத்தில் அவனுடைய பையில் விழுந்திருக்கிறது. மூடியில் ஒரு ரவை பதிந்திருந்தது.

"அவங்க என்னைப் பாக்க விரும்ப மாட்டாங்க. நீங்க குடுத்துடுங்க" என்றான்.

காப்பி குடித்துக்கொண்டிருந்த பர்லுக்கு அவன் யாரென்று புரிந்துவிட்டது. எழுந்து வந்தார்.

"ஏன்டா தம்பி, உங்க ஊர்ல வண்டி நின்னா என்ன அர்த்தம்? ஆள் இருக்காங்கன்னு அர்த்தமா, வா வந்து சுடுன்னு அர்த்தமா?"

டிரென்ட் வாயைத் திறந்தான். ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். பிறகு, "தப்பு என்னோடதுதாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பெட்டியை அன்று சாயந்திரமே வெர்லினிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையில் நடந்ததையும் சொன்னேன். அவர் ஒற்றைக் கையால் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாலத்துக்கிட்ட என் வண்டியைப் பாத்துட்டுத் திரும்பிட்டேன்னு சொல்லலையா அவன்?"

"இல்லையே. அப்படியா?"

"மேல் மேட்டுல சுட்டேன்னு சொன்னானா?"

"எடம் எதுவும் சொல்லலை."

அப்போதுதான் அவர் வண்டிக்குள் நடந்த பேச்சை என்னிடம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, மூடியில் பதிந்த ரவையை நகத்தால் தடவினார்.

"ஒரு நிமிஷத்துல தப்பிச்சிருக்கலாம் அவன். என் எடத்தைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு வாயை மூடிட்டு வசவு வாங்கியிருக்கான். இந்த மரியாதையை எவன் கத்துக் குடுத்தான் அவனுக்கு?"

அவர் முன்னால் இருந்தது இதுதான். பேசாமல் இருந்தால் மேடு அவருடையதாகவே இருக்கும், ஊரும் அவர் பக்கம் நிற்கும். பேசினால் இரண்டும் போகும்.

தீயணைப்பு நிலையத்தில் லாரியை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பர்ல் நன்றாகவே பேசினார். காடு நிரம்பிவிட்டது, பறவை குறைந்துவிட்டது என்று அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பிறகு வெர்லினைப் பார்த்துக் கையை நீட்டினார். வெர்லின் எழுந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். என் வண்டி பாலத்துக்கிட்ட நின்னா நான் எங்க இருப்பேன்?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். "அது கடவுளுக்குத்தான் தெரியும்! பாலத்துக்கிட்ட இருக்க மாட்டே, அவ்வளவுதான்."

இன்னும் பலர் சிரித்தார்கள்.

"அது நமக்குத் தெரியும்" என்றார் வெர்லின். "அந்தப் பையனுக்குத் தெரியாது. வண்டி நிக்குதேன்னு மரியாதையா திரும்பி, செடார் திடலுக்குப் போயிருக்கான். நான் செடார் திடலுக்கு மேல இருக்கற மேட்டுலதான் இருந்தேன். இருபது வருஷமா அங்கதான் இருக்கேன்."

சிரிப்பு நின்றது. யாரோ ஒருவர் "செடார் திடலா!" என்று முணுமுணுத்தது கேட்டது.

"அப்ப சுட்டது சரிங்கறியா?" என்றார் பர்ல்.

"சரின்னு எப்ப சொன்னேன்? தாடியைப் பாக்காம சுட்டான். லைசென்ஸைப் பிடுங்கட்டும், வேணும் அவனுக்கு. ஆனா அவனை அந்த மேட்டுக்கு அனுப்பினது என் வண்டி. நம்ம வழக்கத்தை நாம காப்பாத்தலை பர்ல், அவன் காப்பாத்தினான். கூட்டம் இல்லாத காலத்துல இந்தப் பொய்யால யாருக்கும் ஒண்ணும் ஆகலை. இப்ப ஒவ்வொரு மரத்தடியிலும் ஒருத்தன் துப்பாக்கியோட உக்காந்திருக்கான். எவன் எங்க இருக்கான்னு எவனுக்கும் தெரியாது. சரி, அந்தப் புதன்கிழமை உன் வண்டி எங்க நின்னுச்சு?"

பர்ல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"தேவாலயத்துலதான்" என்றார் அவர் மனைவி, எல்லோருக்கும் கேட்கும்படி.

மனு எழுதப்படவில்லை. அதற்காக ஊர் திருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். சிலர் வெர்லினோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். டிரென்ட்டின் வேட்டை உரிமத்தைச் சில வருடங்களுக்கு நிறுத்திவைத்தார்கள். வெர்லினின் இடது கை இன்னும் தோளுக்கு மேலே எழுவதில்லை.

இந்த ஏப்ரலில் முதல் நாள், பச்சை வண்டி செடார் திடலில் நடுவாக நின்றது. வெர்லின் உள்விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, காப்பியோடு உட்கார்ந்திருந்தாராம். வந்த ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, "நான் மேட்டோட வடக்குக் கோடிக்குப் போறேன். நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறார். இல்லினாயிலிருந்து வந்த பையன்கள் உடனே கைப்பேசியை எடுத்து வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார்கள். உள்ளூர்க்காரர்கள் இருவர் அவரை விசித்திரமாகப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வாரம் அவருடைய மேட்டில் ஒரு சேவல் விழுந்தது. அதை அடித்தவன் இல்லினாய்க்காரன். அவனுடைய துப்பாக்கிச் சத்தத்தை வெர்லின் தன் மரத்தடியிலிருந்து கேட்டார். அன்று கடைக்கு வந்தபோது அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வாரம் அவருக்கும் ஒன்று கிடைத்தது. வலது கையால் அதன் கால்களைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். காப்பி மேசையில் பர்லும் இன்னும் நான்கு பேரும் இருந்தார்கள். யாரும் கேட்கவில்லை. அதனால் நான் கேட்டேன்.

"எங்க அடிச்சீங்க?"

"வடக்குக் கோடியில ரெண்டு ஓக் மரம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கெடக்கு பாரு. அதுக்குக் கீழ, ஓடைப் பக்கமா. இன்னொரு சேவலும் அங்க கூவுது. நாளைக்கு எனக்கு வேலை சீக்கிரம், நான் போகலை."

சொல்லிவிட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு மூடும்வரை பர்ல் காத்திருந்தார்.

"கேட்டீங்களா? ஓக் மரமாம், ஓடையாம். என்னமா அளக்கறா!" என்றார். "நாளைக்கு நான் பாலத்துக்குப் போறேன். வண்டியைத் திடல்ல நிறுத்தினவ கண்டிப்பா அங்கதான் அடிச்சிருக்கா."