பூஜைக்கு முன் தின்ற இலந்தைப்பழம்

பாதி பழுத்த இலந்தைப்பழத்தைக் கடித்தால் முதலில் காது மடல் கூசும், பிறகு ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும், அதற்கப்புறம்தான் தொட்டுக்கொண்ட உப்பும் மிளகாய்த்தூளும் நாக்குக்குத் தெரியவரும். பவானிபூரில் நாங்கள் குடியிருந்த பழைய வீட்டு முற்றத்தில் அப்படியொரு மரம் நின்றது. வங்காளிகள் அதன் பழத்தைக் "குல்" என்பார்கள். தை மாதம் முழுவதும் அது காய்த்துக் கொட்டும், ஆனால் பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளையும் தொடாது. அங்கே சரஸ்வதி பூஜை தையிலோ மாசியிலோதான் வரும். அன்று தேவிக்குப் படைப்பதற்கு முன் குல் தின்ற பிள்ளை பரீட்சையில் தேறாது என்பது அந்தத் தெருவின் சட்டம். மாடியில் இருந்த வீட்டுக்காரரின் மனைவியை நாங்கள் "காக்கிமா" என்போம். மரத்தடியில் யாராவது நின்றால் போதும், தேவி கோபித்துக்கொள்வாள் என்று மேலிருந்தே விரலை ஆட்டுவார்.

எனக்கு வாய் நீளம். அப்பாவின் வங்கி வேலைக்காக வந்த திருநெல்வேலிக் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டுச் சரஸ்வதி பூஜை நவராத்திரியோடே முடிந்து, புத்தகங்களுக்குச் சந்தனம் வைத்து, சுண்டலும் தின்றாயிற்று, இனி எனக்கென்ன தடை என்று வாதாடி, ஆறாம் வகுப்பு படித்த அந்தத் தை மாதம், எச்சில் விழுங்கிக்கொண்டு நின்ற தோழிகளின் எதிரிலேயே பாவாடை நிறையப் பழம் தின்றேன். மார்ச் மாதப் பரீட்சையில் கணக்கில் கோட்டைவிட்டேன். ஆறாம் வகுப்பிலேயே நிறுத்திவைத்தார்கள்.

குல்தான் காரணம் என்று தெருவே தீர்ப்பு எழுதியது. உள்ளதைச் சொன்னால் எனக்கு அது பெரிய ஆறுதல். தேவியின் கோபத்துக்கு முன்னால் ஒரு சிறுமி என்ன செய்ய முடியும்? அம்மாதான் ஏமாறவில்லை. "பழத்த ஏன்ட்டி வையுத? பின்னக் கணக்கு வந்தாலே வயித்துவலின்னு சுருண்டு படுத்தது பழமா, நீயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சோறு போடப் போய்விட்டாள்.

அதைவிடப் பெரிய அடி, ஐந்தில் தேறிய தங்கை ஜெயா என் வகுப்புக்கே வந்து சேர்ந்ததுதான். முதல் நாள் வாய்ப்பழக்கத்தில் அவள் "அக்கா" என்று கூப்பிட, மதியத்துக்குள் வகுப்பு முழுவதும் என்னை "ஆக்கா, ஆக்கா" என்று இழுத்து இழுத்துக் கூப்பிட்டது. வெட்கம் தாங்காத ஜெயா பள்ளியில் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள். கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். இன்னொரு முறை தவறினால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை அப்பாவிடம் சொல்லியிருந்தது வேறு.

அடுத்த தை வந்தது. அந்த முறை நான் மரத்தின் பக்கமே போகவில்லை. அந்த விரதமே காப்பாற்றிவிடும் என்ற தைரியத்தில் பின்னக் கணக்கின் பக்கமும் போகவில்லை என்பது, பூஜைக்குப் பத்து நாள் முன்பு வைத்த வகுப்புச் சோதனையில் தெரிந்தது. தாள் முழுவதும் சிவப்பு மை. இப்போது பழி போட ஒரு பழம்கூட இல்லை.

அன்று சாயங்காலம் தாளோடு மரத்தடிக்குப் போய் ஒரு பழத்தைப் பறித்தேன். தின்றுவிட்டால் தேவியை நம்பிச் சும்மா இருக்க முடியாது, உட்கார்ந்து படிப்பதைத் தவிர வேறு வழியிருக்காது என்று தோன்றியது. வாய்க்குக் கொண்டுபோகும்போது திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஜெயா நின்றிருந்தாள். ஓடிப்போய்க் காக்கிமாவிடம் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ என் கையிலிருந்து பழத்தைப் பிடுங்கி, பாதியைக் கடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மீதியை நீட்டினாள்.

"நான் மட்டும் ஏழாவதுக்குப் போயி என்ன பண்ண? ஃபெயிலானா சேந்தே ஆவோம். தின்னு."

சேர்ந்தே படித்தோம். முதல் வாரம் வயிற்றுவலி வழக்கம்போல் வந்தது. எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளாமல் அந்த வலியோடேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதைத் தவிர வேறு வித்தை எதுவும் எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. மயிரிழையில் தேறினேன். மதராஸிப் பெண்கள், விவரம் தெரியாமல் தின்றுவிட்டார்கள் என்று தேவி மன்னித்திருக்க வேண்டும் என்பது காக்கிமா கடைசிவரை சொன்ன விளக்கம்.

காக்கிமா இப்போது இல்லை. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மரம் நின்ற இடத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. என்னை "ஆக்கா" என்று இழுத்தவர்கள் எங்கே இருக்கிறார்களோ தெரியாது.

போன வாரம் இதே ஊரின் சால்ட் லேக் பகுதியில் இருக்கும் என் அலுவலகம் எங்கள் பிரிவையே மூடி, ஐம்பத்தொரு வயதில் என்னை வீட்டுக்கு அனுப்பியது. பஸ்ஸில் அந்தப் பழைய வயிற்றுவலி வந்தது. கரியாஹாட்டில் இறங்கினால் நடைபாதைக் கடையில் குல் குவிந்து கிடந்தது. பூஜைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. "பூஜைக்குத்தானே?" என்று வங்காளத்தில் கேட்ட கடைக்காரரிடம், "இல்லை, தின்பதற்கு" என்றேன்; அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேலை போனதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. பழப்பையைப் படம் பிடித்து, ஒரு சொல்லும் எழுதாமல், சென்னையிலிருக்கும் ஜெயாவுக்கு அனுப்பினேன்.

வீட்டுப் படி ஏறுவதற்குள் பதில் வந்தது: "பூஜைக்கு முன்னாடியேவா? பாதி எனக்கு வை. நாளைக்கு வாரேன்."