நான் விட்டுவிட்ட பதினொரு வரிகள்

இல்லை, கடைசியில் நான் மங்கம்மா டீச்சர் பக்கத்தில் இல்லை. ஏழாம் வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒருவர் நின்றார். உள்ளே வரவில்லை. தோள் துண்டை இரண்டு கைகளாலும் முறுக்கிக்கொண்டிருந்தார். மங்கம்மா டீச்சரின் அக்காள் கணவர், அம்மையார்குப்பத்தில் தறிக்கு வேண்டிய கட்டைகளைக் கடைந்து கொடுப்பவர். அடையாளம் தெரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு மாதமாக அவரை இந்த ஊரில் யாரும் பார்த்திருக்கவில்லை.

"மங்கா போய்ட்டாம்மா," என்றார். "வாசல் கூட்டிகினு இருந்துதாம். அப்படியே ஒக்காந்துட்டுதாம். நான் வர்றதுக்குள்ள எல்லாம் ஆயிப்போச்சு."

துண்டை இன்னொரு முறுக்கு முறுக்கி, "நாங்க பேசிக்கவே இல்லம்மா," என்றார்.

வகுப்பில் நாற்பது பெண்கள் அடுத்த சொல்லுக்காகப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

நம் கையெழுத்துப் பத்திரிகைக்காக, அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி தலைமையாசிரியை கேட்டார். நல்லதாக எழுத மங்கம்மா டீச்சரிடம் நிறைய இருந்தது. என்னிடம் இல்லை. அதனால் இது நீளும்.

உங்களுக்கெல்லாம் அவர் தையல் டீச்சர். கழுத்தில் டேப். காதில் செருகிய ஊசி. கோணலாக மடித்துத் தைத்தவளிடம், "இன்னாடி இது, பாவாடையா, ஏரிக்கரையா?" என்பார். அழுதால், "அழுதா நூலு நனையும். அப்பால அழு," என்பார். இது வரைக்கும் உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டுக்குள் ஒரு ரயில் ஓடியது சிலருக்குத்தான் தெரியும்.

அது தையல் மெஷினில் தொடங்கியது. மிதித்தால் மூச்சு வாங்குகிறது என்று, பட்டணத்தில் யுத்தகாலச் சாமான் விற்கும் கடை ஒன்றில் சின்ன மோட்டார் வாங்கி வந்தார். மெஷினை இழுக்க அதற்குச் சக்தி போதவில்லை. ஆனால் அதைச் சுற்றிக் கொடுத்த காகிதம் ஒரு பழைய அமெரிக்கப் பத்திரிகை. வீட்டுக்குள் தண்டவாளம் போட்டு ரயில் விடுகிறவர்களுக்கான பத்திரிகை. மறுநாள் ஆசிரியர் அறையில் அதைக் கசங்கல் நீவி என் முன் வைத்தார்.

"இங்கிலீஷு, இதுல இன்னா போட்டுக்கிது, படி."

அப்படித்தான் கூப்பிடுவார். இங்கிலீஷு. நான் அவரை அக்கா என்றேன்.

நிஜ ரயிலின் ஓர் அடிக்கு இதில் கால் அங்குலம். ஓ அளவு என்று அந்தப் பத்திரிகை அதைக் குறிப்பிட்டது. அவர் கழுத்து டேப்பில் கால் அங்குலம் இருந்தது. வேறு அளவுகோல் தேவைப்படவில்லை. அந்தக் கணக்கில் ஒரு ரயில் பெட்டி பதினேழு அங்குலம். படங்களில் பல பாதைகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு தண்டவாளம் ஓடியது.

"நடுவுல இன்னோண்ணு எதுக்கு?"

"கரண்ட் போறதுக்குக்கா. அது இருந்தா வேலை சுலபம்னு போட்டிருக்கு."

"நம்ம ஸ்டேஷன்ல நடுவுல இருக்குதா?"

"இல்ல."

"அப்ப வாணாம்."

இரண்டே தண்டவாளம். ஒன்றில் மின்சாரம் போகும், இன்னொன்றில் திரும்பும். இரண்டும் எங்கேயும் தொட்டுக்கொள்ளக் கூடாது. கஷ்டமான வழி. அதைத்தான் எடுத்தார்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் அவர் குடியிருந்த வீடு நீளமான ஒற்றை அறை. தனியாக இருந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை. சுவரோரமாக இடுப்பு உயரத்தில் பலகை. அதில் தையல் சாக்கட்டியால் கோடு. நீங்கள் உடைத்துப்போட்ட சிலேட்டுகளின் சட்டங்கள்தான் தண்டவாளத்தின் அடிக்கட்டைகள். பித்தளைப் பட்டையை நிமிர்த்திவைத்து, குங்கிலியம் தொட்டு ஈயம் உருக்கி ஒட்டுவார். அறை முழுக்க பூஜை வாசனை. "டீச்சர் ஊட்ல தெனமும் இன்னா விசேஷம்?" என்று எதிர்வீட்டில் கேட்டார்களாம். "எங்க சாமிக்குத் தேர் செய்றேன்," என்றாராம்.

சக்கரங்களைக் கடைந்தவர் அவருடைய பாவா. அக்காள் கணவரை அப்படித்தான் அழைப்பார். மரச் சக்கரம், விளிம்பில் மட்டும் பித்தளை வளையம். மரம் நடுவில் இருப்பதால் ஒரு பக்கத்து மின்சாரம் மறுபக்கம் தாவாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மடியில் சக்கரங்களைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். வாசலிலிருந்தே ஆரம்பித்துவிடுவார்.

"கொழுந்தியாளே, திருப்பதிக்கு ஒரு டிக்கெட்டு குடு."

"ஒனக்கெல்லாம் டிக்கெட்டு கெடையாது பாவா. பின்னாலயே ஓடியா."

"ஓடி வந்துருவேன். ஒங்க வண்டி ஓடுமான்னு பாரு மொதல்ல."

ஓடியது. பஸ்ஸுக்குப் போடும் பாட்டரியின் கம்பியைத் தொட்டதும், தகர இஞ்சின் ஒரு முழம் நகர்ந்து நின்றது. பாவாதான் முதலில் சிரித்தார். நான் இந்த ஊரில் சந்தோஷமாக இருந்தது அன்று ஒரு நாள்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் தமிழ் மேலே இருக்க வேண்டுமா, தெலுங்கா என்று ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம். மங்கம்மா அக்கா தன் ஸ்டேஷனுக்குப் பலகையே வைக்கவில்லை. "எறங்குறவனுக்குத் தெரியாதா எந்த ஊருன்னு?"

பத்திரிகையில் பெரும்பாலான ரயில்கள் வட்டமாகச் சுற்றின. அவருக்கு அது பிடிக்கவில்லை. "சுத்திகினே இருக்கிறதுக்குச் செக்கு மாடு போதும். ரயிலுன்னா போவணும். போனா வரணும்." அறையும் வட்டத்துக்குப் போதாது. ஆகவே ஒரு கோடியில் திருத்தணி ஸ்டேஷன். மறுகோடியில் தண்டவாளம் ஒரு வளையமாகத் திரும்பி, போன பாதையிலேயே வந்து சேரும். கொக்கியின் கண் மாதிரி. ரயில் தானே திரும்பி, தானே வீடு வரும்.

அந்த வாரம்தான் டாக்டர் சொன்னதை எனக்குச் சொன்னார். பித்தான் ஒன்று காணவில்லை என்கிற குரலில்.

"இதயம் வீங்கிகினு இருக்குதாம். மாடி ஏறாத, மிஷின் மிதிக்காத, மலை ஏறாதன்னு சொல்லிட்டான். பாவாகிட்ட சொல்லாத. அழுவான்." பிறகு பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒரு தபா. கை படாம போய்ட்டுத் திரும்பி வரணும். அத்தப் பாத்துட்டா போதும்."

அதன் பிறகு எனக்கு வளையத்தைப் பற்றிப் படித்துச் சொல்லும் வேலை வந்தது.

இங்கே நிதானமாக எழுத வேண்டும். நான் அப்போது எழுத்தைப் பற்றி ஒரு கொள்கை வைத்திருந்தேன். விட்டுவிடுவதுதான் எழுத்து. ஒரு சொல் மிகையானால் பக்கமே பொய். பட்டணத்தில் படித்தபோது நோட்டுப் புத்தகத்தில் அப்படி எழுதி அடிக்கோடு இட்டிருந்தேன். அந்தப் பத்திரிகைக்காரர்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் படித்துக்கொண்டே சுருக்குவேன். அவர் ஈயம் உருக்கியபடி கேட்பார்.

ஒரு பத்தி. போகும்போது இடது கையில் இருந்த தண்டவாளம் திரும்பி வரும்போது வலது கைக்கு வந்துவிடுகிறது. நேர் எதிரான இரண்டு மின்சாரங்கள் அங்கே சந்தித்துவிடும். ஆகவே வளையத்தின் ஒரு முனையில் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி இடைவெளி விட வேண்டும். இதை நன்றாகவே சொன்னேன். எனக்கே அதில் ஓர் அழகு தெரிந்தது. அடுத்த பத்தி, "மறுமுனையிலும் அவ்வாறே" என்று தொடங்கியது. பிறகு எண்கள், கம்பிகள், விசைகள். மறுபடியும் அதேதான் என்று பக்கத்தைத் திருப்பினேன்.

"அவ்ளோதானா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதாங்க்கா."

வளையம் முடிய எட்டு மாதம் ஆயிற்று. அன்று பாவாவும் வந்திருந்தார். இஞ்சினும் இரண்டு பெட்டிகளும் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பின. அலமாரியைத் தாண்டி, தண்ணீர்ப் பானையைத் தாண்டி, வளையத்துக்குள் நுழைந்து, மெதுவாக முகம் திருப்பி எங்களைப் பார்த்து வந்தன. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். வளையத்தின் கடைசியில், வெட்டுவிட்ட இடத்தில், இஞ்சினின் முன்சக்கரம் ஏறியது. சடக்கென்று நீலப்பொறி. ரயில் நின்றது. பாட்டரிக் கம்பி தொட முடியாமல் சுட்டது.

போன பாதையில் வந்து சேர இன்னும் ஒரு சாண் பாக்கி.

மறுபடியும் விட்டோம். அதே இடம். மறுநாளும் அதே இடம். சக்கரம் அந்த இடத்துக்கு வந்தால்தான் ரயில் சாகிறது என்பதால், குற்றம் சக்கரத்தில் என்று அக்கா முடிவு செய்தார். மரத்தில் ஈரம் இருக்கிறது, ஈரத்தின் வழியாக மின்சாரம் தாவுகிறது. பாவா வேறு மரத்தில் கடைந்து வந்தார். பிறகு இன்னொரு மரம். மூன்றாம் முறை கருங்காலி, எங்கிருந்து பிடித்தாரோ. அதே இடம், அதே பொறி.

"இதுலயும் ஈரம்தான் பாவா."

"கருங்காலியில ஈரமா? முப்பது வருஷமா கடைஞ்சிகினு இருக்கேன். எனக்கு ஈரம் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா நின்னுகினு இருக்குமா வண்டி?"

"ஆங். என் சக்கரம்தான் சரியில்ல. நீ வேற ஆளப் பாத்துக்கோ."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வெயிலில், சாப்பிடாமல். அக்கா வாசலுக்கு வரவில்லை. அவருக்கு உடம்பு முடியவில்லை என்று பாவாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டார். சொல்லாதே என்று எனக்குக் கட்டளை. அதில் மட்டும் நான் ஒழுங்காக இருந்தேன்.

அந்த இரண்டு மாதமும் அவர் பாதையைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தார். ஒட்டுகளை உருக்கி மறுபடி ஒட்டினார். ஆடிக் கிருத்திகைக்கு ஊரெல்லாம் காவடியும் அரோகராவும். கூட்டம் கூட்டமாக ஸ்பெஷல் ரயிலில் வந்து இறங்கினார்கள். அவர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு பித்தளையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், நம்மால் ஆகாத விஷயமோ என்னவோ, விட்டுவிடலாமா அக்கா என்று.

"ஆவும்," என்றார். "எங்கியோ ஒண்ண வுட்டுட்டோம். அதான்."

எதை விட்டோம் என்று தேட அவரிடம் மரமும் பித்தளையும் ஈயமும்தான் இருந்தன. அச்சிட்ட பக்கத்தை அவர் சந்தேகிக்கவில்லை. என்னையும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்தார்கள். பலகைகளைப் பிரிக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. அக்காவின் அக்காள் பத்திரிகையை என்னிடம் நீட்டி, "இங்கிலீஷ் புஸ்தகம். ஒங்களுதுதானேம்மா?" என்றார். அடுப்படியில் கிடந்த ஒரு கருங்காலிச் சக்கரத்தையும் எடுத்துக்கொண்டேன். விளிம்பில் கருகிய புள்ளி இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். விட்ட பத்தியைப் படித்தேன். பதினொரு வரி. வளையத்தின் மறுமுனையிலும் வெட்ட வேண்டும். வளையத்துக்குத் தனிக் கம்பி தர வேண்டும். ரயில் முழுவதும் உள்ளே வந்ததும், வெளியே உள்ள பாதையின் மின்சாரத்தை ஒரு விசையால் திருப்பிப்போட வேண்டும். ஒரு முனையில் மட்டும் வெட்டினால், இஞ்சின் அந்த வெட்டைக் கடக்கும்போது அதன் சக்கரங்களே இரண்டு மின்சாரத்தையும் இணைத்துவிடும். எவ்வளவு நல்ல சக்கரமாக இருந்தாலும். இதையும் அவர்கள் எழுதியிருந்தார்கள்.

படித்துச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். வெட்ட அரை மணி. விசை, பஸ் ஷெட்டில் கேட்டால் கொடுத்திருப்பார்கள்.

அவர் மன்னித்திருப்பார் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். மன்னிக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சக்கரத்தில் குற்றம் என்று நம்பியபடி போனார். பாவாவின் மேல் கோபத்தோடு போனார். இரண்டும் நான் கொடுத்தவை. இதற்கு மேல் யோசித்துப் பார்த்தேன். இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. எதை எழுதி முடித்தாலும், ஈயம் ஒட்டும் சட்டுவத்தை உயர்த்திப் பிடித்தபடி கேட்கிறார். அவ்ளோதானா? பதில் சொல்ல இனி எனக்குத் தைரியம் வராது.

நேற்று அந்தக் கருங்காலிச் சக்கரத்தோடு அம்மையார்குப்பம் போனேன். பாவா பட்டறையில் இருந்தார். என்னைக் கண்டதும் கடைசலை நிறுத்தினார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சக்கரத்தில் குற்றமில்லை, நான் வரிகளை விட்டுவிட்டேன் என்று. டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"சக்கரத்தில தப்பில்லன்னு மங்காவுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாதுண்ணா."

கையை நீட்டினார். சக்கரத்தைக் கொடுத்தேன். வேட்டியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, மரத்தின் ரேகையைப் பார்த்தார்.

"ஈரம் இல்ல," என்றார். என்னிடம் சொல்லவில்லை.

சக்கரத்தை அவரிடமே விட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன். வீட்டுக்கு வந்து, அந்தப் பதினொரு வரிகளையும் தமிழில் எழுதினேன், திரும்பச் சொன்ன இடங்களையும் சேர்த்து.