கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவள்

சென்ற வாரம் கூரியரில் ஒரு புத்தகம் வந்தது. அரசர் காலத்துக் கொலை, அதைத் துப்பறியும் ஒற்றன், முந்நூற்றுச் சொச்சம் பக்கம். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆசையாகக் கையில் எடுத்தால், பின்னட்டையிலேயே போட்டு உடைத்திருக்கிறார்கள்: நண்பனே துரோகியான கதையாம். கதையிலோ அந்த ஒற்றனுக்கு ஒரே ஒரு நண்பன்தான். சொல்லுங்கள், கோபம் வருமா வராதா?

இதே கோபத்தை இருபத்தைந்து வயதில் நான் அன்றாடம் பட்டிருக்கிறேன். அப்போது காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள். ஒருமுறை அந்தோணியம்மாளை அந்தோணிசாமி என்று அடித்துவிட்டு அந்த அம்மாளிடம் நான் வாங்கிய வசவு இருக்கிறதே, அதை விடுங்கள். பகல் முழுக்கப் பெயர்த் திருத்தம், முத்திரை, கூச்சல்.

சாயங்காலம் வாடகை நூலகத்தில் எடுத்துவரும் சரித்திரத் துப்பறியும் கதைகள்தான் எனக்குப் போக்கிடம். பழுப்பேறிய தாள், அதில் யாரோ சாப்பிட்ட மிக்சரின் எண்ணெய் வாசம். உள்ளே சோழர் காலத்துத் துறைமுகத்தில் ஒரு சுங்க அதிகாரி. பிணத்தின் காலில் ஒட்டிய மண்ணை முகர்ந்தே எந்த ஊர் வாய்க்கால் என்று சொல்லிவிடுவார். நடக்குமா? நடக்காது. அதனால்தான் பிடித்தது. அந்தத் துறைமுகத்தில் யாரும் என்னிடம் மூன்று பிரதி கேட்கவில்லை. எவ்வளவு பெரிய அநியாயமும் கடைசி அத்தியாயத்தில் தீர்ந்துவிடும்.

ஆனால் வீட்டில் ரெஜினா அக்கா இருந்தாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு தருமபுரத்து வாடகை வீட்டில் நாங்கள் இருவர்தான். எந்தப் புத்தகமானாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் படிப்பாள். படித்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளவும் தெரியாது. நான் பத்தாம் பக்கத்தில் இருக்கும்போதே அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"ஏண்டி, அந்த யானைப்பாகன்தான் கொன்னது. நீ பாட்டுக்கு வைத்தியர சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்க!"

"மனுசியாக்கா நீ?" என்று கத்துவேன். சிரிப்பாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், புதிதாக எடுத்துவந்த புத்தகத்தின் கடைசி ஆறு தாள்களைப் பிளேடால் அறுத்துக் கைப்பையில் ஒளித்துவைத்தேன். நூலகத்து அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கக்கூட இல்லை. பசை போட்டு ஒட்டிவிடலாம் என்று ஒரு தைரியம்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த அக்கா, உடுப்பைக்கூட மாற்றாமல் புத்தகத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தைத் தேடினாள். காணோம் என்றதும் சண்டைக்கு வருவாள் என்று தயாராக நின்றேன். வரவில்லை. புத்தகத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா?"

"கருக்களாச்சேரிப் பொண்ணுடி. தலப்பிரசவம். காலையில என்னயப் பாத்துச் சிரிச்சிச்சு. மூணு மணிக்கு உசுரு போயிட்டு." புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். "நாள் முச்சூடும் என்ன ஆவுமோ என்ன ஆவுமோன்னே நிக்கிறேன். வீட்டுலயாச்சும் முடிவு தெரிஞ்சது ஒண்ணு வேணாமா எனக்கு?"

அத்தனை வருடம் கத்தியிருக்கிறேனே தவிர, ஒருமுறைகூட ஏன் என்று கேட்டதில்லை.

பையிலிருந்து தாள்களை எடுத்து நீட்டினேன். "நீயே படி, கண்ணு எரியுது" என்றாள். நான் அப்போது நாற்பதாம் பக்கத்தில் இருந்தேன். வேறு வழியில்லாமல் ஆறு தாளையும் உரக்கப் படித்தேன். சுங்க அதிகாரி சபையைக் கூட்டி, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஓர் ஆளிடம் விரலை நீட்டுகிறார். நிமிர்ந்து பார்த்தால் அக்கா சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். ஆக, கொன்றவன் யாரென்று எனக்கு மட்டும் தெரியும். எனக்கு இன்னும் இருநூறு பக்கம் மிச்சம். என் தலையெழுத்து.

அந்த நூலகம் இப்போது செல்போன் கடை. தருமபுரத்து வீட்டை இடித்து மாடி வீடு கட்டிவிட்டார்கள். அக்கா அடுத்த வருடமே பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு பாரீஸ் பக்கம் போனாள். போன வருடம் அங்கேயே இறந்தும் போனாள். விசா கிடைக்க நேரமில்லை. அந்த ஊர் மாதா கோயிலில் நடந்த அடக்கப் பூசையைக் கோயில் காமிரா வழியாகப் போனில் பார்த்தேன். பெட்டியைத் தூக்கும் நேரத்தில் படம் நின்றுவிட்டது. போனைத் தட்டினேன், உதறினேன், மொட்டைமாடிக்கு ஓடினேன். மறுபடி படம் வந்தபோது காலிப் பெஞ்சுகள்தான் தெரிந்தன.