சத்தம் போடும் வகுப்பு

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது என் சித்தப்பா பொன்மலைக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு நாடக வகுப்பு ஆரம்பித்தார். ரயில்வே பட்டறையில் அவர் பிட்டர். ஆயுத பூஜைக்கு எங்கள் பிள்ளைகள் நாடகம் போடுவார்கள் என்று அங்கே வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் பட்டறைச் சங்கு ஊதியதும் குவார்ட்டர்ஸ் உருப்படிகள் அத்தனையும் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஆஜர்.

முதல் நாளே ஒரு பரீட்சை. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது பார்ப்பதற்கு வைக்கிற அதே பரீட்சைதான். தொட முடியாத சின்னதுகள் ஒரு வகுப்பு, தொட்டவர்கள் இரண்டாவது வகுப்பு, குரல் உடைந்த பெரிய பையன்கள் மூன்றாவது. பட்டறைச் சாக்கட்டியால் எங்கள் வீட்டுச் சுவரில் மூன்று கட்டம் போட்டு, சத்தம், பாட்டு, வசனம் என்று எழுதினார் சித்தப்பா. அம்மா சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

என் கை குட்டை. தலையைச் சாய்த்துக் காதைக் கைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சித்தப்பா தலையை நிமிர்த்திவிட்டு, சிரித்துக்கொண்டே என்னைச் சத்தத்தில் தள்ளினார். எனக்கோ ராஜா வேஷத்தின் மேல் கண். அது யாருக்குப் போயிற்று? என் அண்ணனுக்கு!

அண்ணனுக்குப் பதினாலு வயது. பொங்கலிலிருந்து அவனுக்கு மகரக்கட்டு. ஒரு வார்த்தை கரகரவென்று வரும், அடுத்தது குருவி மாதிரி கீச்சிடும். பையன்கள் கேலி செய்து செய்து, அவன் வீட்டில்கூடப் பேசுவதை நிறுத்தியிருந்தான். சோறு வேண்டுமென்றால் தட்டைத் தட்டுவான்.

"தம்பி, அவனை மேடையில ஏத்தி ஊரு சிரிக்க வைக்காதீங்க. இப்பவே வாயைத் தொறக்க மாட்டேங்குறான்" என்றாள் அம்மா.

"இப்ப விட்டுட்டா அப்புறம் தொறக்கவே மாட்டான் அண்ணி" என்றார் சித்தப்பா.

அவரே சின்ன வயதில் நாடகக் கம்பெனியில் பெண் வேஷம் கட்டியவர். அவர் பாடினால் கொட்டகையில் ஒரு ஆள் அசைய மாட்டானாம். ஒரு நாள் பாட்டின் நடுவே குரல் உடைந்தது. கொட்டகையே சிரித்தது. மறுநாள் கம்பெனிக்காரர்கள் அவரை ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் இந்தக் கதை வரும்போதெல்லாம், குரல் என்பது பானை மாதிரி கீழே போட்டால் உடைகிற சாமான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வகுப்புக்கு ஒரே பாடம். நாங்கள் ராஜாவின் சேனை. ராஜாவின் குரல் எங்கே நின்றாலும், எங்கே கீச்சிட்டாலும், "ராஜாவுக்கு ஜே!" என்று கத்த வேண்டும். சித்தப்பாவே ராஜாவாக வசனம் பேசி, திடீர் திடீரென்று கீச்சிடுவார். நாங்கள் போடும் கூச்சலில் மரத்துக் காக்கைகள் பறந்துவிடும். குஷியோ குஷி! இருந்த தொண்டைகளில் என்னுடையதுதான் பெரிது. நான் ஆரம்பித்தால்தான் மற்றதுகள் கத்தும். ஆனாலும் நம்மை உப்புக்குச் சப்பாணியாக வைத்துவிட்டார்களே என்ற கோபம் எனக்குப் போகவில்லை. நாடகத்தன்று கத்துவதில்லை என்று முடிவு கட்டினேன்.

அந்த நாளும் வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைகளை அடுக்கி மேடை. இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ் விளக்கு. பட்டறை மொத்தமும் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கு மீசை வரைந்திருந்தார்கள். சந்தோஷத்தில் கோபம்கூடப் பாதி மறந்துவிட்டது.

அட்டைக் கிரீடத்தோடு அண்ணன் முன்னால் வந்தான். "காவிரியைத் தாண்டி எவன் வந்தாலும்" என்று கம்பீரமாகத்தான் ஆரம்பித்தான். "என் கோட்டை" என்ற இடத்தில் கீச்சென்றது. நின்றுவிட்டான். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, அது பின்வரிசை வரைக்கும் பரவியது. சேனை முழுவதும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் தலையில் கிரீடம் நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகை என்று நினைத்து வாயைத் திறந்தால் வந்தது ஜே!

"ராஜாவுக்கு ஜே!"

சின்னதுகள் அத்தனையும் பின்தொடர்ந்தன. சிரிப்பு அந்தக் கூச்சலில் காணாமல் போயிற்று. அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பிடித்தான். மறுபடி கீச்சிட்டது, மறுபடி ஜே. மூன்றாம் தடவை ஜனங்களும் எங்களோடு சேர்ந்து கத்தினார்கள். கடைசி வரைக்கும் ஒரு வசனம் விடாமல் பேசி முடித்தான் என் அண்ணன்.

படுதாவுக்குப் பின்னால் சித்தப்பா தனியாக நின்றிருந்தார். ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"அடுத்த வருஷம் எனக்கு வசனம் குடுப்பீங்களா சித்தப்பா?"

அவர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மறுபடி முயன்றார், பாதியில் நின்றுவிட்டது. பாடம் பாடம்தானே? மீசையோடு நிமிர்ந்து நின்று, இருந்த தெம்பையெல்லாம் கூட்டி, "ராஜாவுக்கு ஜே!" என்று கத்தினேன். சேனையும் ஓடிவந்து சேர்ந்துகொண்டது.

சித்தப்பா அப்படியே கட்டையின் மேல் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். விளக்குப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து நான் ஊதிவிடப் போனேன். பதின்மூன்று வயதில் அந்தக் கொட்டகையில் அவர் கேட்டிருக்க வேண்டிய சத்தம் அது என்று எனக்கு எப்படித் தெரியும்?